நாக்குக்கு ஒரு சோதனை

தேயிலைக் கம்பெனியின் தலைமை ருசிபார்ப்பவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன மாதக் காய்ச்சலோடு நாக்கில் ருசி போய்விட்டது. வெளியே தெரிந்தால் வேலையும் போய்விடும். முதலாளிக்கோ சந்தேகம் வந்து, சோதனையே வைத்துவிட்டார்.

ருசிபார்ப்பவரும் அவருடைய உதவியாளரும் எதிரெதிரே உட்கார்ந்து, எட்டுக் கோப்பைத் தேநீரையும் உறிஞ்சிப் பார்த்து, தரப்படி வரிசைப்படுத்தித் தனித்தனியே எழுதினார்கள். முதலாளி அனுப்பிய புள்ளியியல்காரர் இரண்டு வரிசைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்குப் போட்டார்.

“தர ஒட்டுறவு சரியா ஒண்ணு சார்! அதாவது ரெண்டு வரிசையும் அச்சு அசல் ஒண்ணு. ரெண்டு பேர் நாக்கும் பிரமாதம்!”

புள்ளியியல்காரர் போனதும் தலைமை ருசிபார்ப்பவர் உடைந்துபோனார். “மன்னிச்சிடு தம்பி. எனக்கு ருசியே தெரியல. உன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எழுதினேன்.”

உதவியாளருக்கு முகம் வெளிறியது.

“ஐயையோ அண்ணே! அதே காய்ச்சல்தானே எனக்கும்! நான் உங்க முகத்தைப் பார்த்துல்ல எழுதினேன்!”