சாயாத எண்கள்

“காசைச் சுண்டிப் போட்டா அஞ்சு நிமிஷத்துல முடியற வேலை. இதுக்குப் போய் பத்து நாளாம்மா?”

ஆஸ்பத்திரி மருந்தாளர் அலுத்துக்கொண்டார். புது மருந்தின் சோதனை அது. நோயாளிகள் அறுபது பேர். பாதிப் பேருக்கு நிஜ மருந்து; மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் குலுக்கிப் போட்டுத் தர வேண்டியவர் புள்ளியியல்காரம்மா. அவரோ அது தரும் எண்களையே பத்து நாளாகக் குடைந்துகொண்டிருந்தார்.

“சுண்டற விரல்ல ஆசை இருக்கும் சார்.”

“கம்ப்யூட்டருக்கு என்னம்மா ஆசை?”

“ஆசை இல்ல. பழக்கம் இருக்கும். அதுவும் உள்ளுக்குள்ள கணக்குப் போட்டுத்தானே எண்ணைத் தருது? மட்டமான கணக்கா இருந்தா, படம் போட்டுப் பாக்கறப்போ கோடு கோடா வரிசை கட்டிடும். இதைப் பாருங்க.”

திரையைத் திருப்பினார். பத்து லட்சம் எண்கள், பத்து லட்சம் புள்ளிகள். மருந்தாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோடு தேடினார். மூலைக்கு மூலை தேடினார். வெயிலில் மிதக்கும் தூசி மாதிரி எங்கும் நிறைந்திருந்தன. எங்கும் கூட்டம் சேரவில்லை. அவருக்குப் புல்லரித்தது.

“யார் பக்கமும் சாயலையேம்மா!” குரல் தானாகத் தணிந்தது.

“இப்பத்தான் எனக்கும் தைரியம் வந்துச்சு.”

ஒரு விசையைத் தட்டினார். பெயர்கள் இல்லாத பட்டியல். வெறும் நோயாளி எண்கள். அறுபதும் இரண்டாகப் பிரிந்து நின்றன. புள்ளியியல்காரம்மா அதில் ஒரு எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, மனசுக்குப் பிடிக்கலையா? இன்னொரு தட்டு தட்டுங்க, வேற வந்துட்டுப் போகுது. யாரு கேக்கப் போறா?”

“அப்படித் தட்டினா அது என் விரல் சார்.”

அச்செடுத்தார். கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி நீட்டினார்.

மறுநாள் காலை மருந்து கொடுக்கும் ஜன்னல் திறந்ததும், முதல் நோயாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து நின்றவர் புள்ளியியல்காரம்மாவேதான்.

“என் வீட்டுக்காரர் சார்” என்று அட்டையை நீட்டினார்.

மருந்தாளர் பட்டியலில் எண்ணைத் தேடினார். வெறும் மாத்திரைப் புட்டியை எடுத்து வைத்தார். அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: “வேளை தவறாம குடுத்துடறேன் சார்.”