மாமாவுக்குத் தலைசுற்றல்

"அக்கா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. அது கையப் புடிச்சி இந்த மாமா தொங்கிக்கினு போறாரு. பாக்கவே வயிறு எரியுது!"

போனில் கணவனிடம் பொரிந்து தள்ளினாள் ரஞ்சிதம். அக்காவைப் பார்க்க அவலூர்பேட்டையிலிருந்து நேற்றுதான் செஞ்சிக்கு வந்திருந்தாள்.

அக்கா செந்தாமரைக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, பாண்டிச்சேரியில் பத்து நாள் படுத்திருந்தாள். வந்த மறு வாரமே கடைத்தெருவில் இருக்கும் தங்கள் பாத்திரக் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

அக்கா புருஷன் சம்பந்தம் மாமா அறுபத்திரண்டு வயதிலும் கல்லு மாதிரி இருந்தவர். அக்கா வீடு திரும்பிய கொஞ்ச நாளில் அவருக்குத் தலைசுற்றல் வந்துவிட்டதாம்.

காலையில் ரஞ்சிதமே பார்த்தாள். அடுப்படிக்குப் போக அவசரமாக எழுந்த அக்காவை மாமா தடுத்தார்.

"தாமரை, உடனே எழுந்தா எனக்குக் கிறுகிறுன்னு வருது. செத்த நேரம் பக்கத்துல உக்காரு."

அக்கா உட்கார்ந்தாள். ரெண்டு நிமிஷம் கழித்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

பாத்ரூம் சுவரில் புதிதாகக் கம்பி பதித்திருந்தது. "மாமா வழுக்கி வுழுந்துடப் போறாருன்னு வச்சோம்டி" என்றாள் அக்கா.

நேற்று கடைக்குப் போனபோது அங்கே ஏணியைக் காணோம். "அண்ணாந்து பாத்தாலே அவருக்கு மயக்கம் வருதாம். சாமானெல்லாம் கீழ்த்தட்டுக்கு எறக்கிட்டோம்."

வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து நிமிஷ நடை. ரஞ்சிதம் பின்னால் வர, இருவரும் கால் மணி நேரம் நடந்தார்கள். அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கக் கூட்டம் இடித்துக்கொண்டு ஓடியது. மாமா அக்காவின் கையை இறுக்கிப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

"நில்லு. கூட்டம் போவட்டும். எனக்கு பயமா இருக்குது."

பூக்காரம்மா சிரித்தாள். "இன்னா மொதலாளி, புதுமாப்பிள்ளையா?"

ரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, அக்காவே முடியாதவ. நீங்க கொஞ்சம் தெம்பா நடக்கக் கூடாதா?"

"ஒடம்பு கேக்க மாட்டேங்குதே ரஞ்சிதம்."

"அப்ப இன்னிக்கே டாக்டரப் பாத்துடலாம்."

"அதெல்லாம் வேணாம்."

"நானும் தெனம் சொல்றேன்டி, வர மாட்டேங்கறாரு" என்றாள் அக்கா கவலையாக.

ரஞ்சிதம் விடவில்லை. ஆட்டோ பிடித்து மூன்று பேருமாகக் கிளினிக்குக்குப் போனார்கள். அக்காவுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் பிருந்தாதான் இருந்தார். அக்காவுக்கு எடை பார்க்க நர்ஸ் உள்ளே கூட்டிப்போனாள்.

"கூடவே இரும்மா" என்றார் மாமா நர்ஸிடம்.

டாக்டர் அவரைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். நிற்கவைத்தும் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"எல்லாமே சரியா இருக்கு. உங்களுக்குத் தலை சுத்தறதுக்கு ஒரு காரணமும் தெரியலையே சார்."

"பாத்தீங்களா டாக்டர்!" ரஞ்சிதம் வெடித்தாள். "நல்லா இருந்துக்கினே நோயாளிப் பொண்டாட்டிகிட்ட வேல வாங்கறாரு!"

மாமா உள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தணித்தார்.

"வுழுந்தது நான் இல்ல ரஞ்சிதம். ஒங்க அக்கா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து ரெண்டு வாரத்துக்குள்ள ரெண்டு தபா வுழுந்துட்டா. நீர் போறதுக்கு மாத்திரை குடுத்திருக்காங்க இல்ல? பாத்ரூமுக்கு வெடுக்குன்னு எழுந்து ஓடுவா. கண்ணு இருட்டிக்கும். இன்னொரு தபா கடையில, ஏணி மேலேர்ந்து. மண்ட தப்பிச்சது சாமி புண்ணியம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மாமா!"

"ஒனக்குச் சொன்னா எங்கிட்ட பேசவே மாட்டேன்னுட்டா."

டாக்டர் நிமிர்ந்தார். "மெதுவா எழுந்திருக்கணும், பாத்ரூம்ல கம்பி வைக்கணும், ஏணி ஏறக் கூடாதுன்னு அவங்ககிட்ட நானே சொன்னேனே?"

"சொன்னீங்க. வெளிய வந்து, 'நான் இன்னா சீக்காளியா'ன்னு சிரிச்சா. கம்பி பதிக்க வந்த கொத்தனாரத் திருப்பி அனுப்பிட்டா. அவளுக்காகன்னா ஒரு நிமிஷம் உக்கார மாட்டா டாக்டர். எனக்காகன்னா நாள் பூரா உக்காருவா. அப்புறம்தான் எனக்குத் தல சுத்த ஆரம்பிச்சிச்சி." மாமாவின் முகத்தில் லேசாகப் பெருமை தெரிந்தது. "இந்த ஒன்றர மாசமா ஒரு தபா கூட அவ வுழல."



கதவு திறந்தது. நர்ஸோடு செந்தாமரை வந்தாள். கண்கள் நேராகப் புருஷனிடம் போயின.

"இன்னா சொன்னீங்க டாக்டர்? அவருக்கு ஒண்ணும் இல்லியே?"

டாக்டர் வாய் திறப்பதற்குள் ரஞ்சிதம் முந்திக்கொண்டாள்.

"கொஞ்சம் சிக்கல்தான்க்கா. மாமாவ இனிமே ஒரு நிமிஷம்கூட நீ தனியா வுடக் கூடாதாம்."