ப்ளான் செக்ஷன் பிள்ளை

"நெசமாவா சொல்ற? என் மனுவால ஒரு பிள்ளைக்கு மெமோ குடுத்துட்டாகளா?"

பூமாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூணாறுக்கு மேலே ஒரு பஞ்சாயத்து ஆபீஸின் வராந்தா அது. அவள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்குப் போக, ஓடை மேல் ஒரு நடைபாலம் வேண்டும். வளர்ச்சி நிதியில் பணம் ஒதுக்கியாகிவிட்டது. மார்ச் முடிவதற்குள் வேலையை முடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். ஃபைல் நகரவில்லை என்று போன வாரம் மனு கொடுத்தாள். அவள் சொன்ன காரத்துக்கு, எழுதிக் கொடுத்தவரே நாலு வார்த்தையை விழுங்கிவிட்டுத்தான் எழுதினார்.

"ஆமாக்கா," என்றான் அட்டெண்டர் வேல்முருகன். "ஃபைலு ப்ளான் செக்ஷன்லதான் கெடந்துச்சு. ஏன் தாமதம்னு கேட்டு செக்ரட்டரி மேடம் மெமோ குடுத்துட்டாங்க."

"அந்தப் பிள்ள என்ன சொல்லுச்சாம்?"

"ஞாயித்துக்கிழமை வந்து பாத்தும் வேலை தீரலன்னு எழுதிக் குடுத்தாங்க. இதெல்லாம் ஒரு காரணமான்னு மேடம் தள்ளிட்டாங்க."

"அடப் பாவமே!"

"உங்க பாலத்துக்கு உத்தரவு ஆயிருச்சுக்கா. சந்தோசமா வீட்டுக்குப் போங்க."

எங்கே போவது? பறித்த தேயிலைக் கொழுந்து எடை குறைந்ததற்காக எத்தனையோ நாள் நாலு பேர் முன்னால் வசவு வாங்கியவள் பூமாரி.

"சம்பளத்துல கை வைப்பாகளா?"

"இன்கிரிமெண்ட்ட நிறுத்தலாம். ஆனா அக்கா, ஒரு விசயம்..."

"நீ சும்மா இரு." விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். வேல்முருகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

செக்ரட்டரி நாற்காலியில் ஸ்ரீலேகா இருந்தாள். பாலக்காட்டுப் பெண், முப்பது வயதுதான் இருக்கும்.

"அம்மா, அந்த ப்ளான் செக்ஷன் பிள்ளைய மன்னிச்சு விட்ருங்க. வேணும்னா மனுவத் திருப்பி வாங்கிக்கிறேன். திட்டு வாங்குன வேதனையில அது சாப்பிட்டுச்சோ என்னமோ!"

ஸ்ரீலேகா ஒரு தாளை இழுத்து, 'எச்சரித்து விடப்படுகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"மன்னிச்சாச்சும்மா. போறுமா?"

"நல்லாருப்பீக தாயி! அந்தப் பிள்ள எங்க இருக்கு? ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருதேன்."

"இருங்கோ, இதோ வரா."

ஸ்ரீலேகா அந்தத் தாளோடு எழுந்தாள். 'ப்ளான் செக்ஷன்' என்று பலகை வைத்திருந்த பக்கத்து மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். தாளின் அடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி இன்னொரு கையெழுத்துப் போட்டாள்.

"ஆறு மாசமா இந்தச் சீட்டுக்கு ஆள் போடலைம்மா, ரெண்டுக்கும் நான்தான் சார்ஜ்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னும் சாப்பிடலை."