கடைவாயில் ஒரு பருக்கை

வாயைத் திற என்று அவர் சொல்லவில்லை.

சொன்னால் திறக்கமாட்டாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்தே அவள் அப்படித்தான்.

பிரஷை நனைத்து உதறினார். உதட்டில் தொட்டார்.

உதடு அசையவில்லை.

பின்னால் நிலைப்படியில் மகன் நின்றான். கட்டிலின் கால்மாட்டில் அவளுடைய துணிப்பை. கட்டி வைத்தாயிற்று. தெருவில் வேன் நின்றது.

இன்றைக்கு அப்பா ஒழுங்காகப் பல் விளக்கிவிட்டால் அம்மா வீட்டில். இல்லையென்றால் முதியோர் இல்லத்தில். இதுதான் பேச்சு.

பொண்டாட்டிக்குப் பல் விளக்க ஒரு பரீட்சை. காலம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

ஆனால் தப்பும் அவருடையதுதான்.

பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து கிடந்தவளை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றி, கொப்புளி என்றார். கொப்புளிக்காத வாய் ஒரு வாயா?

அவளால் துப்ப முடியவில்லை. தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுத்தான் மீட்டார்கள்.

அதன் பிறகு வந்தவள் ஜெபா. சம்பளத்துக்கு வந்த நர்சு. வந்த அன்றே அவருடைய பல்பொடி டப்பாவைக் குப்பையில் போட்டாள். அவளை அவர் நம்புவதில்லை. இப்போது கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“தாத்தா, ஈறுல இருந்து பல்லு நுனிக்கு. அமுக்காதீய. விரலை மட்டும் உள்ள விட்றாதீய. ஆச்சி கடிச்சிட்டா எடுக்க முடியாது.”

கட்டிலில் மனைவி இடப்பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தாள். தாடைக்குக் கீழே துண்டு.

தாடையை மெல்ல வருடினார்.

வாய் திறந்தது.

முன்பல். ஈறிலிருந்து நுனி. துடைத்தார். மறுபடி.

ஒரு சொட்டு உள்ளே போனாலும் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். அவள் மூச்சையும் சேர்த்துக் கேட்டபடி.

செத்துப்போன வலக்கன்னத்துக்கு உள்ளே, கடைவாயில், காலையில் ஊட்டிய கஞ்சியின் பருக்கை ஒன்று ஒட்டியிருந்தது.

பிரஷுக்கு எட்டவில்லை.

மறுபடி விட்டார். எட்டவில்லை.

அதை விட்டால் தொண்டைக்குப் போகும்.

ஜெபா வேறொரு துண்டை மடிக்கத் திரும்பினாள்.

ஈரத்துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டார்.

பருக்கை வந்தது.

விரல் வரவில்லை.

கடித்துவிட்டாள்.

கண்ணில் நீர் முட்டியது. அவர் சத்தம் காட்டவில்லை. தோளைக்கூட அசைக்கவில்லை. மகனுக்குத் தெரிவது முதுகு மட்டும்தான்.

“அம்மாவுக்கு ஒண்ணும் தெரியலப்பா, எங்க இருந்தா என்ன” என்று நேற்று இதே நிலைப்படியில் நின்றுதான் சொன்னான்.

வலி நகத்தைத் தாண்டி எலும்புக்கு இறங்கியது. துணியில் சிவப்பு ஊறியது.

குனிந்து அவள் கண்ணைப் பார்த்தார்.

அது அவரைப் பார்க்கவில்லை.

துணிப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கையில் இல்லாத பிடியெல்லாம் பல்லில் இருந்தது.

“முடிஞ்சுதாப்பா?” மகன் உள்ளே கால் வைத்தான்.

“அங்கனயே நில்லுலே. இன்னும் கொஞ்சம் கெடக்கு.”

விரலை அவர் இழுக்கவில்லை.