துடைக்கக் கூடாத வாள்

சுவர் முழுக்கப் பழங்காலக் கப்பற்படை வாள்கள். மனைவியைக்கூட அவர் இப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டதில்லை.

“என்னங்க, குடுத்த வாளைத் திருப்பிக் கேக்க நேத்து வந்த எங்க அண்ணன் இன்னும் வீட்டுக்குப் போகலையாம். அண்ணி அழறாங்க.”

“தர மாட்டேன்னேன், கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார். கோவம் தணிஞ்சா தானா வருவார், விடு.”

மனசு நிலைகொள்ளாமல் அவள் துணியை எடுத்து வாள்களைத் துடைக்க ஆரம்பித்தாள். அண்ணனின் வாளில் கறுப்பாய் ஒரு கறை.

“அதைத் தொடாதே!” பாய்ந்து வந்தார். “நூத்தம்பது வருஷத்து ரத்தம். பழைய கறையைத் துடைச்சா வாளோட மதிப்பே போச்சு. எத்தனை தடவை சொல்றது?”

கையை இழுத்துக்கொண்டவள், அந்தக் கறையையே பார்த்தபடி நின்றாள்.

“ஏங்க... நூத்தம்பது வருஷத்து ரத்தத்துலயா இப்படி எறும்பு மொய்க்குது?”