இடது முட்டி

எசக்கிமுத்துவுக்கு அது ஆறாவது கபடி அணி. எந்த அணியும் அவனை இரண்டாவது சீசனுக்கு வைத்துக்கொண்டதில்லை. புதிய பயிற்சியாளர் அவனது ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. குதப்பிய பாக்கைக் காகிதக் கோப்பையில் துப்பிவிட்டு, "நாயகத்துக்கு எந்தக் கால்ல ஆபரேஷன்?" என்றார்.

நாயகம் முந்தைய அணியில் அவனுடைய அறைத்தோழன், ஊர்க்காரன். கட்டுப்போட்ட காலோடு கிடந்தவனைக் குளிப்பாட்டிவிட்டது எசக்கிதான்.

"அவன் என் கூட்டாளி, சார்."

"தெரியும்யா. அதுக்குத்தான உன்னை எடுத்திருக்கோம்."

எசக்கி கோப்பையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனாலும் சொன்னான்: "இடது முட்டி."

மறுநாள் பழைய அணிக்கு எதிரான ஆட்டத்தில் நாயகம் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு வந்தான். எசக்கியைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தான். எசக்கி பாய்ந்து அவனுடைய இடது காலைப் பிடித்துத் திருகினான். உள்ளே ஏதோ அறுந்தது கைக்குத் தெரிந்தது. பயிற்சியாளர் ஓடிவந்து எசக்கியின் தோளில் கைபோட்டு இறுக்கிக்கொண்டார். பாக்கு நாற்றம் முகத்தில் அடித்தது. எசக்கி உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான்.

ஸ்ட்ரெச்சர் அவர்களைக் கடந்தபோது நாயகம் தலையைத் தூக்கினான். திட்டப்போகிறான் என்று எசக்கி நினைத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏல எசக்கி, இந்தப் பிடி பிடிக்கியே, ஒந் தோளு இப்பம் வலிக்கலியால?" என்றான் நாயகம், உண்மையான அக்கறையுடன்.

அந்த வலியை எசக்கி அவனைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. தோளில் கிடந்த பயிற்சியாளரின் கை மெல்ல நகர்ந்து, எலும்பை விரல்களால் அழுத்திப் பார்த்தது.