பொட்டு வைத்த சார்ஜர்

“பொட்டு வெச்சிருக்குதுன்னு பார்த்துட்டே நின்னா அந்தப் புள்ளை தாங்காதுங்க அம்மணி.”

“மெதுவாப் பேசுங்க பாய். ஆம்புலன்ஸ் வருதில்லீங்க?”

“ஊர்வலத்துல மாட்டி நிக்குதாமுங்க. எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியல. ஆட்டோவும் ஒண்ணும் கிடைக்கல.”

போனில் பேசும் கியாசுதீன், நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். எந்த வண்டிக்கு எப்போது சார்ஜ் என்று முடிவு செய்பவள் இந்துமதி.

டீசல் வண்டிகளையெல்லாம் போன மாதம் விற்றுவிட்டார்கள்.

இன்று ஆயுத பூஜை. காலையில் பேட்டரி வேன்கள் மாலையோடு ஊரைச் சுற்றித் திரும்பின. வந்ததும் சார்ஜர்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். இந்துமதியே தன் போனில் எல்லாவற்றையும் அணைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் விடியும்வரை இயக்கக் கூடாது.

மதியம் சீரியல் பல்பு கட்ட ஏணியில் ஏறிய கம்பெனி ஹாஸ்டல் பெண் யாழினி கீழே விழுந்தாள். இப்போது வேனின் பின்சீட்டில் கிடக்கிறாள்.

“பனியன் வேஸ்ட் துணியை வெச்சுத் தலையை அமுக்கறனுங்க. நனைஞ்சுட்டே இருக்குது. வண்டில சுத்தமா சார்ஜ் இல்ல. கொஞ்சம் ஏறுனாக் கூட குறுக்கு வழில ஆஸ்பத்திரி போயிரலாம்.”

திரையில் பச்சைப் பொத்தான் தெரிந்தது. தொட்டால் போதும்.

போன வருடம் பூஜையன்று ஒருவன் அவசரத்துக்குத் தையல் மெஷினை ஓட்டினான். அந்த மாதமே ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வந்தது. சரக்கு வந்த அன்றே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

“வயரை மாட்டிட்டனுங்க. பாய் தொட்டுட்டான்னு நாளைக்குப் பேசுனாப் பேசட்டும். நீங்க அமுக்கி உடுங்க.”

அவர் குரலுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த முனகல் இப்போது கேட்கவில்லை.

இந்துமதி தலை நிமிர்ந்தாள்.

பூஜைப் பந்தியில் சாப்பிடும் கை என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். முதல் வார்த்தையிலிருந்து எல்லாமே எதிர் இலையில் இருந்த முதலாளி மருதாசலத்துக்கும் கேட்டிருந்தது.

அவர் ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தார்.

“பயமா இருந்தா மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க அம்மணி. தெரிஞ்சா அவரு சும்மா இருக்க மாட்டாரு. நல்ல மனுசனுங்க. கேளுங்க அம்மணி.”